ஜெனீவாவுக்கு முன் சத்துவாச்சாரி

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளித் தலைமையாசிரியை. காட்பாடிப் பக்கம் சொந்த வீட்டில் தனியாக வசிக்கிறேன். மாடிப் போர்ஷனைச் சென்ற ஜூன் மாதம் இரண்டு கல்லூரி மாணவிகளுக்கு வாடகைக்கு விட்டேன். ஒருத்தி நாகாலாந்தைச் சேர்ந்த கிறித்தவப் பெண். மற்றவள் சூடான் நாட்டு இஸ்லாமியப் பெண், தலையை மூடிக்கொண்டுதான் வெளியே போவாள். ஐந்தாம் தேதிக்குள் வாடகை வந்துவிடும், ஒரு தொந்தரவும் கிடையாது. ஆனால் எங்கள் நகர்க் குடியிருப்போர் நலச் சங்கம் இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு தீர்மானம் போட்டு, வெளிநாட்டவருக்கும் பிற மதத்தினருக்கும் நம் பழக்கவழக்கத்துக்கு ஒவ்வாதவர்களுக்கும் இனி வீடு விடலாகாது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அந்தப் பெண்களைச் 'சைனாக்காரி' என்றும் 'ஆப்பிரிக்காக் கறுப்பி' என்றும் பேசிக் குரல் பதிவு போட்டார். முனைக் கடைக்காரர் அவர்களுக்குப் பால் பாக்கெட் கொடுப்பதில்லை. நான் போனால் கொடுக்கிறார். இனவெறிக்கும் மதப் பாகுபாட்டுக்கும் எதிராக ஐ.நா. சபையில் ஒப்பந்தங்கள் இருப்பதாகவும், இந்தியா அவற்றை ஏற்றிருப்பதாகவும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான். ஐ.நா.வுக்கு எழுதினால் ஏதாவது நடக்குமா? இல்லை, காலி செய்யச் சொல்லிவிடுவதுதான் அந்தப் பெண்களுக்கே நல்லதா?

— ஒரு வாசகி, காட்பாடி

பதில்:

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காலி செய்யச் சொல்லாதீர்கள். அந்தப் பெண்களின் நன்மைக்காகத்தான் என்று நினைத்து நீங்கள் அதைச் செய்தாலும், சங்கத்தின் தீர்மானத்தை நிறைவேற்றி வைத்தவர் நீங்களாகவே ஆகிவிடுவீர்கள். பிறகு எந்த அலுவலகத்தில் முறையிட்டாலும், 'வீட்டுக்காரரே விருப்பப்பட்டுக் காலி செய்யவைத்தார்' என்ற ஒற்றை வரியில் விவகாரம் முடிந்துவிடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வழக்கறிஞர் தொழிலுக்கு வந்த புதிதில் வேலூர் நகரத்து இஸ்லாமியக் குடும்பம் ஒன்று என்னைத் தேடி வந்தது. முன்பணம் கைமாறி, சாவி வாங்க வேண்டிய நாளில், குடும்பத் தலைவரின் முழுப் பெயரைக் கேட்ட வீட்டுக்காரர் உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்து திண்ணையில் வைத்துவிட்டார். பெயரைக் கேட்ட பிறகுதான் மனம் மாறினார் என்பதை அங்கிருந்த நான்கு பேரும் கண்ணால் பார்த்திருந்தார்கள்; ஆனால் நான் அனுப்பிய வக்கீல் நோட்டீசுக்கு வந்த பதிலில் 'சொந்த உபயோகத்துக்குத் தேவைப்படுவதால்' என்று மட்டும் இருந்தது. அதற்குமேல் அந்தக் கட்டு நகரவேயில்லை. உங்கள் விவகாரத்தில் எதிர்த்தரப்பினர் எழுத்தில் கொடுத்து, கையொப்பமிட்டு, பலகையிலும் ஒட்டியிருக்கிறார்கள். பாகுபாடு காட்டுகிறவர்கள் இத்தனை வெளிப்படையாக நடந்துகொள்வது அபூர்வம். அந்தக் காகிதத்தைத் தேதி தெரியும்படி இன்றைக்கே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு அது அங்கே இருக்காது.

இனி ஐ.நா. விஷயம். வகுப்பில் நீங்கள் சொல்லிக்கொடுத்தது சரிதான், ஆனால் அந்தக் கதை பாடப்புத்தகம் சொல்வதைவிடக் காட்பாடிக்கு நெருக்கமானது. ஐ.நா. பொதுச்சபை தன் முதல் கூட்டத் தொடரிலேயே, 1946இல், ஓர் இனப் பாகுபாட்டுப் புகாரை எடுத்துக்கொண்டது. அதைக் கொண்டுபோனது, இன்னும் விடுதலைகூடப் பெற்றிராத இந்தியா. தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் விஜயலட்சுமி பண்டிட். புகார் தென்னாப்பிரிக்காவின் மீது. அங்கே வாழ்ந்த இந்தியர்கள் எந்தப் பகுதியில் நிலம் வாங்கலாம், எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று வரையறுத்து அந்த ஆண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டமே அதற்கு உடனடிக் காரணம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது முதல் அரை நூற்றாண்டுக் காலம் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் வட ஆற்காடு மாவட்டத்தார் கணிசமானவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எந்தத் தெருவில் குடியிருக்கக் கூடாது என்பதுதான் ஐ.நா.வுக்கு முன் வந்த முதல் இனவெறி வழக்கின் பொருள். உங்கள் சங்கத் தீர்மானத்தை அந்தச் சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் படித்தால், நாம் நிற்கும் பக்கம் மாறியிருப்பது தெரியும். 1946 டிசம்பர் 8 அன்று பொதுச்சபை இந்தியாவுக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. தென்னாப்பிரிக்கா அதைப் பொருட்படுத்தவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கே நிறவெறி ஆட்சி 1994 வரை நீடித்தது.

இனப் பாகுபாட்டின் எல்லா வடிவங்களையும் ஒழிப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையைப் பொதுச்சபை 1965 டிசம்பர் 21 அன்று ஏற்றது. 1969 ஜனவரி 4 அன்று அது நடைமுறைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே இந்தியா ஏற்புறுதி அளித்துவிட்டது. இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனக்குழுப் பிறப்பு ஆகியவற்றை வைத்து ஒருவரை விலக்குவதும், தடுப்பதும், பிறருக்கு முன்னுரிமை தருவதும் பாகுபாடு என்று அதன் முதல் உறுப்பு வரையறுக்கிறது. அந்த வரியில் 'வம்சாவளி' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னவர்கள் இந்தியப் பிரதிநிதிகள். அந்தச் சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்று உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு 2002இல் தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில் சொன்னபோது, இல்லை, சாதி வேறு, இனம் வேறு என்று மறுத்ததும் இந்தியாவே. அதற்கு முந்தைய ஆண்டு டர்பனில் நடந்த உலக மாநாட்டில், தலித் அமைப்புகள் அந்நாட்டு மண்ணிலேயே பதாகை பிடித்து நின்றபோதும் நம் அரசின் நிலை அதுதான். வீடு தேடிப் போகிறவரிடம் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்கும் ஊரில் வாழும் எனக்கு, குழு சொன்னதில் பிழை இருப்பதாகத் தோன்றவில்லை. இது என் கருத்து. நீதிமன்றத்தில் இதை நம்பி வழக்காட முடியாது.

உங்களுக்குத் தேவையான வரிகள் இரண்டாம், ஐந்தாம் உறுப்புகளில் இருக்கின்றன. தனி ஆளோ, குழுவோ, அமைப்போ யார் செய்தாலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்து முடிவுக்குக் கொண்டுவர வேண்டிய கடமை அரசுக்கு உண்டு என்கிறது இரண்டாம் உறுப்பு. அமைப்பு என்ற சொல்லுக்குள் உங்கள் நலச் சங்கமும் வந்துவிடுகிறது. ஐந்தாம் உறுப்பு வீட்டுவசதிக்கான உரிமையைத் தனியாகவும், பொதுமக்களுக்கான விடுதி, உணவகம், பேருந்து முதலியவற்றைப் பயன்படுத்தும் உரிமையைத் தனியாகவும் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. ஆக, எழுத்தளவில் உங்கள் மாடிப் போர்ஷனுக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது.

மதத்தைப் பொறுத்தவரை நிலைமை அவ்வளவு வலுவாக இல்லை. 1959 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜெர்மனியின் கொலோன் நகரில் யூதர்களின் தொழுகைக் கூடத்தில் நாஜிச் சின்னம் வரையப்பட்டு, அந்தத் தொற்று வரிசையாகப் பல நாடுகளுக்குப் பரவிய பின்னர், இன வெறுப்பையும் மத வெறுப்பையும் சேர்த்தே ஐ.நா. கையிலெடுத்தது. 1962இல் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். இனம் மூன்றே ஆண்டுகளில் உடன்படிக்கையாகிவிட்டது. மதமோ, மதம் மாறும் உரிமையை ஒப்புக்கொள்வதா, கடவுள் மறுப்பாளர்களை எங்கே வைப்பது என்ற சண்டைகளிலும் பனிப்போரிலும் அரபு–இஸ்ரேல் பகையிலும் சிக்கி, 1981 நவம்பர் 25 அன்று வெறும் பிரகடனமாக மட்டுமே வெளிவந்தது. பிரகடனம் நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனாலும் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 18ஆம் உறுப்பு மதச் சுதந்திரத்தையும் 26ஆம் உறுப்பு மதத்தின் பெயரால் பாகுபாடின்மையையும் உறுதி செய்கின்றன. அதில் இந்தியா 1979 ஏப்ரல் 10 அன்று இணைந்தது. எனவே சூடான் பெண்ணின் முக்காடும் நாகாலாந்துப் பெண்ணின் சிலுவையும் வெறும் கையோடு நிற்கவில்லை.

இந்த இடத்தில் நம் வேலூர்க் கோட்டையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1805 நவம்பரில் கம்பெனிப் படைக்கு ஓர் உடை ஒழுங்கு ஆணை வந்தது: இந்துச் சிப்பாய்கள் அணிவகுப்பில் நெற்றிக்குறி இடக் கூடாது, இஸ்லாமியர் தாடியை மழிக்க வேண்டும், இரு சாராரும் தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் கோட்டைக்குள் நடந்த சிப்பாய்க் கிளர்ச்சியை உங்கள் மாணவர்களுக்கு நீங்களே சொல்லியிருப்பீர்கள். ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் பெண்டிங்கும் தலைமைத் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். ஒருவர் தலையில் எதை அணியலாம் என்பதை இன்னொருவர் தீர்மானம் போட்டுச் சொல்லும் வேலை இந்த மாவட்டத்தில் ஏற்கெனவே ஒருமுறை நடந்து பார்த்ததுதான்.

சரி, ஐ.நா.வுக்கு எழுதலாமா? இனப் பாகுபாட்டு உடன்படிக்கையின் 14ஆம் உறுப்புப்படி, பாதிக்கப்பட்ட தனிநபர் நேரடியாகக் கண்காணிப்புக் குழுவிடம் புகார் செய்யலாம். ஆனால் அந்த அதிகாரத்தை ஒப்புக்கொள்வதாகத் தனியே அறிவித்த நாடுகளுக்கு எதிராக மட்டுமே. இந்தியா அப்படி அறிவிக்கவில்லை. குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையின் தனிநபர் புகார் நெறிமுறையிலும் நாம் சேரவில்லை. அந்த இரண்டு கதவுகளும் உங்களுக்கு மூடியிருக்கின்றன. அரசுகள் அவ்வப்போது அறிக்கை தாக்கல் செய்து, 18 வல்லுநர்கள் கொண்ட குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது அந்த ஏற்பாட்டின் இன்னொரு பகுதி. இந்தியாவின் அறிக்கை 2007இல் விசாரிக்கப்பட்டது. அதில் தனிப்பட்ட குறைக்குத் தீர்வு கிடைப்பதில்லை, தொண்டு நிறுவனங்கள் தரும் நிழல் அறிக்கைகளில் உங்கள் தெரு ஒரு வரியாக இடம்பெறலாம், அவ்வளவே.

திறந்திருக்கும் ஒரே வழி, சிறப்பு அறிக்கையாளர்கள் எனப்படுவோர். இன்றைய இனவெறி வடிவங்களுக்கென்று ஒருவரும், மத, நம்பிக்கைச் சுதந்திரத்துக்கென்று ஒருவரும் மனித உரிமை மன்றத்தின் சார்பில் இயங்குகிறார்கள். முதலாவது பொறுப்புக்கு 2022இல் நியமிக்கப்பட்டவர் பெங்களூருவைச் சேர்ந்த கல்வியாளரான அஸ்வினி கே. பி.; இரண்டாவது பொறுப்பில் இருந்தபோது பாகிஸ்தானின் வழக்கறிஞர் அஸ்மா ஜஹாங்கீர் 2008 மார்ச்சில் இந்தியாவுக்கே வந்து பல மாநிலங்களில் விசாரித்தார். இவர்களுக்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம், எந்த நெறிமுறையிலும் நாடு சேர்ந்திருக்க வேண்டியதில்லை, கட்டணமும் கிடையாது. ஏற்கத்தக்கது என்று கண்டால் அவர்கள் இந்திய அரசுக்குக் கடிதம் எழுதுவார்கள். அக்கடிதம் பின்னர் பகிரங்கமாகும். அரசு பதில் எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். கட்டளையிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஒரு நலச் சங்கத்தின் பலகையை அகற்ற, ஐ.நா. மனித உரிமை அமைப்புகள் இருக்கும் ஜெனீவாவிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள். அங்கே எழுதுவதை நான் தடுக்கவில்லை. ஆனால் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்த ஒப்புகைச் சீட்டு கையில் இல்லாமல் எழுதினால், 'உள்நாட்டில் என்ன முயன்றீர்கள்?' என்ற முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

அப்படியானால் அந்த ஒப்பந்தங்களால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் இருக்கிறது, அதற்கான வழியைத் திறந்துவிட்ட வழக்கின் பெயரிலேயே நம் ஊர் இருக்கிறது. பாலாற்றில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு கலந்து கிணறுகள் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை எங்கிருந்து எடுத்தது? பன்னாட்டுச் சட்டத்திலிருந்து. நம் நாட்டுச் சட்டத்துக்கு முரண்படாத பன்னாட்டு வழக்காற்று விதிகள் நம் சட்டத்தில் கலந்துவிட்டவையாகவே கருதப்படும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அடுத்த ஆண்டு, பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய விசாகா வழக்கில், உள்நாட்டில் சட்டம் இல்லாத இடத்தில் பன்னாட்டு உடன்படிக்கையைக் கொண்டு அந்த வெற்றிடத்தை நிரப்பலாம் என்று அதே நீதிமன்றம் காட்டியது. ஒப்பந்தக் கடமைகளை மதிக்கும் மனப்பான்மையை அரசு வளர்க்க வேண்டும் என்று அரசமைப்பின் 51ஆம் உறுப்பும் சொல்கிறது. எனவே இனப் பாகுபாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் உறுப்பையும் ஐந்தாம் உறுப்பையும் ஜெனீவாவுக்கு எழுதும் கடிதத்தைவிட, மாவட்ட ஆட்சியருக்கு எழுதும் மனுவில் எடுத்தாள்வதே அவற்றுக்கு அதிக உயிர் கொடுக்கும்.

உள்நாட்டுச் சட்டத்தில் உங்கள் பக்கம் வலுவாக இருப்பது எது, ஓட்டையாக இருப்பது எது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

தீர்மானம் உங்களைக் கட்டுப்படுத்தாது. வீடு உங்கள் பெயரில் இருக்கிறது. யாருக்கு வாடகைக்கு விடுவது என்பது உரிமையாளரின் உரிமை. 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான ஒரு நலச் சங்கம் தெருவிளக்குக்கும் குப்பைக்கும் குரல் கொடுக்கலாமே தவிர, உறுப்பினரின் சொத்தில் கைவைக்க அதற்கு அதிகாரம் இல்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கெட்டிக்காரராக இருந்தால், 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கைக் காட்டுவார். அதில் உறுப்பினர் தகுதியைப் பார்சிகளுக்கு மட்டும் ஒதுக்கிய துணைவிதி செல்லும் என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பு எனக்கு உவப்பானதல்ல, ஆனால் அதற்கும் உங்களுக்கும் தொடர்பில்லை: அங்கே நிலம் சங்கத்தினுடையது, விதியை ஏற்றுக்கொண்டே உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். உங்கள் மனையை நீங்கள் சங்கத்திடமிருந்து வாங்கவில்லை.

கடைக்காரர் விஷயத்தில் அரசமைப்பின் 15ஆம் உறுப்பு, இரண்டாம் உட்பிரிவு நேரடியாகப் பேசுகிறது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகிய காரணங்களை மட்டும் வைத்து எந்தக் குடிமகனையும் கடைக்குள் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது. இது அரசை மட்டுமல்ல, தனியாரையும் கட்டுப்படுத்தும் அரிதான உறுப்புகளில் ஒன்று. ஆனால் 'குடிமகன்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் படுத்துறங்கும் இரண்டு பெண்களில் நாகாலாந்துக்காரிக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு, சூடான்காரிக்கு இல்லை. அவளுக்குச் சட்டத்தின் முன் சமத்துவமும் உயிருரிமையும் மதச் சுதந்திரமும் உண்டு, ஏனெனில் 14, 21, 25ஆம் உறுப்புகள் 'எந்த நபருக்கும்' என்று பேசுகின்றன. ஆனால் அவற்றைப் பெரும்பாலும் அரசுக்கு எதிராகத்தான் கேட்க முடியும். பன்னாட்டு உடன்படிக்கையும் குடிமக்கள், அயலார் என்ற வேறுபாட்டைத் தன் எல்லைக்கு வெளியே வைத்தது; அந்த விலக்கை இனப் பாகுபாட்டுக்குக் குடையாகப் பிடிக்கக் கூடாது என்று கண்காணிப்புக் குழு 2004இல் 30ஆம் பரிந்துரையில் விளக்க வேண்டிவந்தது. ஒரு பால் பாக்கெட்டுக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லமாட்டேன். 15(2)ஐக் குறிப்பிட்டு ஒரு பக்க நோட்டீஸ் போதும். கடைக்காரருக்குச் சங்கத்தின்மேல் இருக்கும் பயத்தைவிட வழக்கின்மேல் இருக்கும் பயம் பொதுவாக அதிகம்.

பெரிய ஓட்டை தனியார் வீட்டு வாடகையில்தான். வீட்டுக்காரர் தாமாகவே மதத்தையோ நிறத்தையோ காரணம் காட்டி மறுத்தால் தண்டிப்பதற்குப் பொதுவான சட்டம் நம்மிடம் இல்லை. தீண்டாமையின் பெயரால் மறுத்தால் 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வரும், மற்றபடி இல்லை. இனப் பாகுபாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் உறுப்பில் அரசு ஒப்புக்கொண்ட கடமை அரை நூற்றாண்டுக்கு மேலாக நிறைவேறாமல் கிடப்பது இங்கேதான். உங்கள் நல்ல காலம், வீட்டுக்காரராகிய நீங்களே அந்தப் பெண்கள் பக்கம் நிற்கிறீர்கள்.

குரல் பதிவுக்கு வருகிறேன். 2014 ஜனவரியில் டெல்லியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா தாக்கப்பட்டு இறந்த பின் அமைக்கப்பட்ட பெஸ்பருவா குழு, இனத்தின் பெயரால் இழிவுபடுத்துவதைத் தனிக் குற்றமாக்கும் புதிய பிரிவுகளைப் பரிந்துரைத்தது. 2016இல் கர்மா டோர்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இப்படிப்பட்ட புகார்களைக் கண்காணிக்கக் குழு அமைக்கச் சொன்னது. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 'சைனாக்காரி' என்று ஏசுவதற்கென்று ஒரு பிரிவு இல்லை. எனவே காவல் நிலையத்தில் கிடைக்கக்கூடியவை, அமைதியைக் குலைக்கும் நோக்கில் வேண்டுமென்றே அவமதித்தல் என்ற 352ஆம் பிரிவும், பேச்சில் மிரட்டல் இருந்தால் 351ஆம் பிரிவும், பெண்களைக் கொச்சைப்படுத்தும் சொற்கள் இருந்தால் 79ஆம் பிரிவும்.

குழுக்களிடையே பகை மூட்டும் 196ஆம் பிரிவைப் போடச் சொல்லிச் சிலர் உங்களைத் தூண்டக்கூடும். அவசரப்படாதீர்கள். 2012இல் ரபாத் நகரில் வகுக்கப்பட்ட ஐ.நா. வழிகாட்டுதல், ஒரு வெறுப்புப் பேச்சு குற்றமாகும் எல்லையைத் தொட்டுவிட்டதா என்று பார்க்க ஆறு அம்சங்களைச் சொல்கிறது: சூழல், பேசியவரின் செல்வாக்கு, நோக்கம், உள்ளடக்கம், எத்தனை பேரைச் சென்றடைந்தது, தீங்கு விளையும் சாத்தியம். பதிவைப் போட்டவர் வெறும் வம்பளப்பவரா, 'இவர்களை அடித்து விரட்டுங்கள்' என்று சொன்ன சங்கப் பொறுப்பாளரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலாமவரென்றால் 352 போதும். பெரிய பிரிவைப் போட்டு அது நிற்காமல் போனால், சிறிய குற்றமும் அதோடு கரைந்துவிடும்.

செய்ய வேண்டியதை ஒழுங்காகச் சொல்கிறேன். முதலில் உங்கள் வீட்டைச் சரிசெய்துகொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்யுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும். லாட்ஜுக்காரர்கள் 'சி ஃபாரம்' என்பார்களே, அதுதான். நம் காந்தி ரோட்டு லாட்ஜுகளில் வங்கதேசத்து நோயாளிகளுக்காக வரவேற்பறைப் பையன் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பும் அந்தப் படிவத்தை, வீடு விடுகிறவர்கள் பலர் கேள்விப்பட்டதேயில்லை. நீங்கள் தெரிவிக்காமல் விட்டிருந்தால், சங்கத்தின் அடுத்த அம்பு அங்கிருந்துதான் வரும். பாகுபாடு பற்றிய வழக்கு ஒரே நாளில் சட்டவிரோதமாகத் தங்கவைத்த வழக்காக உருமாறிவிடும்.

அடுத்து, சங்கத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: இந்தத் தீர்மானம் எந்தத் துணைவிதியின்படி நிறைவேறியது, கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், அதை எப்போது திரும்பப் பெறப்போகிறீர்கள் என்று கேளுங்கள். பதினைந்து நாள் கொடுங்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். அந்த மனுவில் இரண்டே கோரிக்கைகள் இருக்கட்டும். ஒன்று, சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி பதிவாளர் இச்சங்கத்தின் நடவடிக்கையை விசாரிக்க ஆட்சியர் பரிந்துரைக்க வேண்டும். பதிவாளர் தாமாகவும் விசாரிக்கலாம், ஆட்சியர் கேட்டாலும் விசாரிக்கலாம். மற்றது, மாணவிகளின் பாதுகாப்புக்குக் காவல் துறைக்கு அறிவுறுத்த வேண்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த வளாகத்தை விட்டு வெளியே வராதீர்கள். நாளைக்கு உயர் நீதிமன்றத்தில், மனுவைப் பரிசீலித்து ஆணையிடக் கோரி ரிட் தாக்கல் செய்வதென்றால் அந்தச் சீட்டுதான் மூலதனம்.

காவல் நிலையப் புகார் தனி. அங்கே வாங்க மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் மாநில மனித உரிமை ஆணையம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்: ஆணையம் அரசு ஊழியரின் செயலையோ, தடுக்கத் தவறியதையோதான் விசாரிக்கும், நலச் சங்கத்தின் மீது நேரடியாகப் புகார் கொடுத்தால் 'எங்கள் வரம்பில் வராது' என்ற அட்டை ஒன்று வரும். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதும் சட்டம். மதம் சார்ந்த பகுதியை மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்துக்கும் ஒரு நகல் அனுப்பலாம். நாகாலாந்துப் பெண் பழங்குடியினர் என்பதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வருமே என்று யாராவது சொல்வார்கள். அவள் மாநிலத்துச் சான்று இங்கே செல்லுமா என்ற தகராறில் மூல விவகாரம் மறைந்துபோகும், அதை மட்டுமே நம்பிப் புகாரை எழுத வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் கடிதத்தில் அவர்கள் என்ன விரும்புகிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. சூடான் பெண்ணுக்கு விசா நீட்டிப்பு பற்றிய பயம் இருக்கலாம். காவல் நிலையம் என்ற சொல்லே அவளுக்கு வேறு மாதிரி ஒலிக்கலாம். அவள் பெயர் வேண்டாம் என்றால், வீட்டு உரிமையாளரின் உரிமையில் சங்கம் தலையிட்டது என்ற அளவில் உங்கள் ஒருவர் பெயரிலேயே மனுவை எழுத முடியும். மாதிரி வரைவு ஒன்று தயாரித்துத் தருகிறேன். சரி என்றால், அந்தக் குரல் பதிவு உள்ள கைப்பேசியை அழிக்காமல், மாற்றாமல், அப்படியே எடுத்துக்கொண்டு மூன்று பேருமாக ஒரு மாலை நேரம் வாருங்கள்.